பெயரில்லாப் பொத்தான்கள்

நிறுவல் முடிந்தது என்று ஏட்டையா சொன்னதும் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன். யாரும் பார்க்கவில்லை, வீட்டில் யாரும் இல்லை, அதுதானே இன்றைய விசேஷம். அண்ணனும் அண்ணியும் சிவகாசிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம்தான் திரும்புவார்கள், திரும்பியதும் அண்ணன் திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு எங்கள் அழகுமீனாவுக்கு, அதாவது எனக்கு, சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், அதற்குள் இந்தப் புதுப் பிரவுசர் தேறுமா தேறாதா என்று நான் முடிவு கட்டியாக வேண்டும். கல்யாணத்துக்கும் பிரவுசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கண்ணுள்ளவர்களுக்கு விளங்கவைக்க ஒரு மத்தியானம் போதாது. ஏட்டையா என்பது என் கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் குரல். பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது, திரையில் என்ன இருந்தாலும் அது ஏட்டையா வாய் வழியாகத்தான் எனக்கு வர வேண்டும். சாவுச் செய்தியையும் தள்ளுபடி விளம்பரத்தையும் ஒரே தொனியில், ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொள்கிறவர் மாதிரி வாசிப்பார், அதனால் அந்தப் பெயர். நான் வைத்திருக்கும் வேகத்தில் அவர் பேசினால் அண்ணிக்கு எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல்தான் கேட்குமாம். எனக்கு அதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். ஜன்னலுக்கு வெளியே மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிப் பக்கமிருந்து காற்று திரும்பியிருக்கிறது, மூக்கு நுனியில் லேசான காரம், மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு டிக் என்று அடித்துக்கொள்கிறது, பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் நின்று ஆடுகிறது. எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது, எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்க்கிறது.

இந்தப் பிரவுசரைப் பற்றிச் சொன்னது ஜெசிந்தா. மதுரையில் விடுதியில் என்னோடு ஒரே அறையில் படுத்தவள், இப்போது சென்னையில் வேலை, எது புதிதாக வந்தாலும் முதல் ஆளாக இறக்கிப் பார்த்துவிட்டு எனக்குக் குரல்செய்தி அனுப்புவாள். “ஏய் மீனா, விஸ்போன்னு ஒரு பிரவுசர் வந்திருக்குடி. பேரில்லாத பொத்தானுக்கெல்லாம் பேரு வச்சுச் சொல்லுது. பொத்தான் பொத்தான்னு உயிரை வாங்காது. போட்டுப் பாரு, பெறகு என்னயக் கும்பிடுவ.” கும்பிடுகிறேனோ இல்லையோ, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயரில்லாத பொத்தான் என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இணையதளம் செய்கிறவன் அழகாக ஒரு படத்தைப் போட்டு, அமுக்கினால் வேலை செய்யும்படி வைத்துவிட்டு, அதற்குள் ஒரு வார்த்தை எழுதிவைக்க மட்டும் சோம்பல்பட்டுப் போய்விடுவான். கண்ணுள்ளவர்கள் படத்தைப் பார்த்து அமுக்குவார்கள். ஏட்டையா பாவம், அங்கே வந்து நின்று, பொத்தான் என்பார். அடுத்ததற்குப் போனால் அதுவும் பொத்தான். ஒரு தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்க, கதவு, கதவு, கதவு என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வருகிறார், எது மாமா வீடு, எது கடிநாய் வீடு என்று நானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சரி, எண்ணி வைத்துக்கொள்ளலாமே என்றால், வரன் தேட நாங்கள் போகும் அந்தக் கல்யாணத் தளக்காரனுக்கு வாரத்துக்கு ஒரு புத்தி, வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பான். அப்படி எண்ணிப் போய்த்தான் பழனிக்காரர் ஒருவருக்கு, நல்ல மனிதர், ‘வணக்கம், நலமா’ என்று தட்டிவிட்டு அனுப்பு என்று நினைத்து நான் அமுக்கியது ‘விருப்பமில்லை’. அதை அமுக்கினால் அந்த ஆளின் பக்கம் அப்படியே மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்காது, மன்னிப்புக் கேட்கக்கூட வழி கிடையாது. வணக்கம் சொல்லி வாசலோடு அனுப்பிவைத்த பெண் என்று அவர் என்னை நினைத்துக்கொண்டிருப்பார்.

அன்றிலிருந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். செண்பகம் அண்ணி மாதிரி ஒரு மனுஷி கிடைக்க மாட்டாள், அதைச் சொல்லிவிட வேண்டும், என் புடவைக்கு ஊக்கு குத்தியது முதல் பள்ளிக்கூட வேலைக்குப் பேருந்து நிறுத்தம் பழக்கிவிட்டது வரை அவள்தான். தட்டுவது நான், வாசிப்பது ஏட்டையா, அமுக்குவது மட்டும் அண்ணி. ஆனால் அமுக்குவதற்குத் திரையைப் பார்க்க வேண்டும், பார்க்கும்போது நான் எழுதியதும் கண்ணில் படும், பட்டால் வாய் சும்மா இருக்குமா. “என்ன மீனா, நலம், நீங்கள் நலமான்னு பரிச்சைப் பேப்பர் மாதிரி எழுதிருக்க, ஒரு வார்த்த கூடச் சேத்து எழுதுத்தா” என்பாள். அதை அப்படியே அண்ணனிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் என் வயதுக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் நடத்துகிற ஒரு பெண்ணுக்கு, ஒரு ஆணிடம் ஒரே ஒரு வாக்கியம் யாருக்கும் தெரியாமல் சொல்லக் கிடைக்கவில்லை என்றால் எரிச்சலாக இருக்காதா? எரிச்சல்தான். சில நாள் அழுகையும்தான். அண்ணியின் விரல் சுட்டெலியை அமுக்கும் அந்தச் சின்ன ‘க்ளக்’ சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏதோ என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப்படுவதுபோல் இருக்கும். உடனே, பாவம் அவள், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து எனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்றும் தோன்றும்.

சரி, விஸ்போ. கவனமாகப் பார்க்க வேண்டும், ஆசையில் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. முதல் கேள்வியே ஏட்டையா வாயிலிருந்து வருகிறது, பழைய உலாவியிலிருந்து அனைத்தையும் கொண்டுவரவா, தேர்வுப்பெட்டி, தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நான் கேட்காமலே தேர்ந்தெடுத்தும் வைத்திருக்கிறாய், கெட்டிக்காரன்தான். எடுத்துவிட்டேன். இன்று வெறுங்கையோடு வா. முதலில் செய்தித்தாள் பக்கம். H எழுத்தைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வேண்டும், தாவுகிறது, வழுக்கிக்கொண்டு தாவுகிறது, பழையதில் நடுவில் விளம்பரம் புகுந்து ஏட்டையாவுக்கு மூச்சு முட்டுமே, அது இல்லை. மழை, தலைப்பு. மாம்பழ விலை, தலைப்பு. எனக்குச் சிரிப்பு வருகிறது, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. அடுத்து பள்ளிக்கூட வருகைப்பதிவுத் தளம், அங்கேதான் பெயரில்லாப் பொத்தான்கள் கொட்டிக் கிடக்கும். உள்ளே போனதும் ஒரு பெட்டி குதித்து வந்தது. பெயரில்லாத பொத்தான்களை அடையாளம் காண இந்தப் பக்கத்தின் படத்தை எங்கள் கணினிக்கு அனுப்பலாமா. ஆம். இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். துணி துவைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது, தெருவில் ஒரு சைக்கிள் மணி, பிறகு ஒன்றுமில்லை.

அனுப்பலாமாவாம். எங்கே அனுப்புவாய், யார் பார்ப்பார்கள்? எந்த ஊரில் இருக்கிறதோ அந்தக் கணினி, குளிரூட்டிய அறையில், என் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு. அப்படியானால் அண்ணியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் முகம் தெரியாத ஒருத்தனை உட்காரவைக்கிறேனா? அண்ணி பக்கத்தில் இருந்தால் அவள் கண்ணாடி வளையல் சொல்லும், மூச்சு சொல்லும், படிக்கும்போது அவள் உதடு லேசாகப் பிரியும் சத்தம் சொல்லும். இவன் படிப்பது எனக்குத் தெரியவே தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசி மீனா, அந்த ஆள், ஆளோ இயந்திரமோ, என் வாக்கியத்தைப் படித்துவிட்டு அண்ணனிடம் சொல்லப் போவதில்லை, சிவகாசி வளைகாப்பில் இலைக்கு எதிரே உட்கார்ந்து, எங்க மீனா என்ன எழுதுனா தெரியுமா என்று ஆரம்பிக்கப் போவதில்லை. யாருமே பார்க்காத இடம் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது என்றாகிவிட்டால், என்னைத் தெரிந்தவர்கள் பார்ப்பதைவிட என்னைத் தெரியாதவன் பார்க்கட்டுமே? இந்தக் கணக்கு சரிதானா என்று எனக்கே முழுதாகத் தெரியவில்லை. ஆனால் திண்டுக்கல் மாப்பிள்ளை தவசியின் குரல் நினைவுக்கு வந்தது, வந்ததும் ஆம் என்று அமுக்கிவிட்டேன்.

தவசிலிங்கம். திண்டுக்கல்லில் கூட்டுறவு வங்கியில் வேலை, அவருக்கும் பார்வை கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று காபி முடிந்ததும் யாரோ பெருந்தன்மையாக, “சின்னஞ்சிறுசுக தனியாப் பேசட்டும்ப்பா” என்றார்கள். தனியாக என்றால் மொட்டை மாடியில். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வு, இரண்டு பேருக்கும் கண் தெரியாது, அதனால் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் தம்பி குபேந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், ஆக நாங்கள் நாலு பேரும் தனியாகப் பேசினோம். “காத்துல ஒரு நெடி வருதே, உங்க ஊர்ல எல்லாரும் தும்மிக்கிட்டேதான் இருப்பீங்களா?” என்று கேட்டார். “வெளியூர்க்காரங்க மட்டும்தான்” என்றேன். அவர் சிரிப்பதற்குள் குபேந்திரன் சிரித்துவிட்டார். பிறகு அவர், “நான் ஒண்ணு...” என்று ஆரம்பித்தார். நான் கேட்டேன், அந்த ‘ஒண்ணு’வுக்கு அப்புறம் அவர் மூச்சை இழுத்தது வரை கேட்டேன். அதற்குள் அண்ணி, “சொல்லுங்க தம்பி, கூச்சப்படாதீங்க” என்றாள். மூச்சு திரும்பப் போய்விட்டது. “ஒண்ணுமில்லங்க” என்றார். அந்த ஒன்று என்ன? இன்றுவரை அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். கீழே வந்ததும் அவர் அம்மா, கல்யாணத்துக்குப் பிறகு பயப்படவே வேண்டாம், குபேந்திரன் குடும்பத்தோடு ஒரே வீடு, இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றார், அண்ணனுக்குக் குரலே நெகிழ்ந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள்! என் வாழ்க்கை முழுக்க ஆள் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு சின்ன வீடு, நானே பால் பொங்கவிட்டு நானே துடைக்கிற வீடு, அவர் ஒரு பக்கம் ரேடியோவைத் தேடித் தடுமாறினால் நான் திட்டுகிற வீடு. அவருக்கும் அது வேண்டுமென்றால் சம்மதம். வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாம், அவர் குரல் எவ்வளவு பிடித்திருந்தாலும். பிடித்திருக்கிறது. ஆனால் இதை அண்ணியை அமுக்கச் சொல்லி எப்படிக் கேட்பேன், ‘பார்த்துக்கொள்ள யாரும் வேண்டாம்’ என்ற வாக்கியத்தை, பார்த்துக்கொண்டே இருப்பவளின் விரலால்? போனில் கேட்கலாமென்றால் தளத்தில் இருப்பது அண்ணன் நம்பரும் குபேந்திரன் நம்பரும்தான், இரண்டு பக்கமும் ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் வைத்துத்தான் பேசுவார்கள்.

அச்சிடு, இருக்கலாம், என்றார் ஏட்டையா. எனக்கு மயிர் கூச்செறிந்தது. வருகைப்பதிவுப் பக்கத்தில் இத்தனை வருடமாக வெறும் பொத்தானாக நின்றது அச்சிடு என்று பெயர் சொல்கிறது, சரிதான், ஒருமுறை தெரியாமல் அமுக்கித் தலைமையாசிரியர் அறையில் அச்சு இயந்திரம் உறுமியது எனக்கு நினைவிருக்கிறது. சேமி, இருக்கலாம். வெளியேறு, இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’தான் வேடிக்கை. ஏட்டையா சந்தேகப்பட்டு நான் கேட்டதே இல்லை, இப்போது ஒவ்வொன்றுக்கும் தலையைச் சொறிந்துகொண்டு இருக்கலாம், இருக்கலாம் என்கிறார், மனிதராகிக்கொண்டு வருகிறார். பெருமையாகப் பக்கத்தின் உச்சிக்குப் போனேன், அங்கே பள்ளியின் சின்னம், கையில் பிடித்த தீப்பந்தம் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், வருடா வருடம் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவின் சுடர் என்று தலைமையாசிரியர் முழங்குவது அதைத்தான். ஐஸ்கிரீம், இருக்கலாம், என்றார் ஏட்டையா. நான் வாய்விட்டுச் சிரித்தேன், தனியாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. அறிவின் சுடர் ஐஸ்கிரீம் ஆகுமென்றால் அனுப்பு என்பது விருப்பமில்லை ஆகாதா? தவசியின் பக்கம் மூடிக்கொண்டால் அண்ணன் என்ன செய்வார், அந்தப் பக்கம் அவர்கள் என்ன நினைப்பார்கள், பெண்ணே வேண்டாமென்று அமுக்கிவிட்டாள், இனி என்ன பேச்சு என்பார்கள். நான் இல்லை, பிரவுசர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கல்யாணத் தளத்தைத் திறந்தேன். தவசிலிங்கம், தலைப்பு. செய்தி எழுதுக, பெட்டி. அதற்குக் கீழே இறங்க Tab விசை. இதயம், இருக்கலாம். Tab. ஆள் புகைப்படம், இருக்கலாம். Tab. பெருக்கல் குறி, விருப்பமில்லை, இருக்கலாம். Tab. காகித விமானம், அனுப்பு, இருக்கலாம். காகித விமானம்! இத்தனை நாள் நான் தடவித் தடவித் தவறவிட்டது ஒரு காகித விமானத்தையா! விடுதியில் ஜெசிந்தாவும் நானும் பழைய கேள்வித்தாளில் மடித்துவிடுவோம், எங்கே போய் விழுந்ததென்று எங்களுக்குத் தெரியாது, யார் தலையிலாவது விழுந்து அவர்கள் கத்தினால்தான் தெரியும். முதுகு நேராக நிமிர்ந்துகொண்டது. எழுதினேன். அழித்தேன். மதிப்புக்குரிய, அழித்தேன். அண்ணி சொன்னது சரிதான், பரீட்சைத்தாள் மாதிரிதான் வருகிறது. கடைசியில், ‘இதை நானே எழுதி நானே அனுப்புகிறேன், பக்கத்தில் யாரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேர் மட்டும் தனி வீட்டில் இருக்கலாமா? உங்களுக்கும் ஆசை இருந்தால்தான் நான் சரி சொல்வேன். மாடியில் என்ன சொல்ல வந்தீர்கள்?’ ஏட்டையாவை வாசிக்கச் சொன்னேன். அவர் குரலில் கேட்டபோது வேறு யாரோ தைரியசாலி எழுதியதுபோல் இருந்தது. இதயம் தாண்டி, ஆள் தாண்டி, பெருக்கல் குறியையும் தாண்டி, விமானத்தின் மேல் நின்றேன். ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம் என்று மண்டைக்குள் ஓடுகிறது. அண்ணி வரட்டும் என்று ஒரு நினைப்பு. அண்ணி வந்தால் இந்த வாக்கியம் பிழைக்காது என்று அடுத்த நினைப்பு. அமுக்கிவிட்டேன். செய்தி அனுப்பப்பட்டது, என்றார் ஏட்டையா, துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நான் எழுந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் தரை ஜில்லென்று இருக்க, ஒரு சுற்று ஆடினேன், ஆமாம், ஆடினேன், என்ன இப்போது?

ஆடி முடித்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் பக்கம் யாரும் இல்லை, சரி. அவர் பக்கம்? அவருக்கும் அதே தளம், அதே பெயரில்லாப் பொத்தான்கள், அவர் அனுப்பியதெல்லாம் ‘தங்கள் செய்தி கண்டோம், மகிழ்ந்தோம்’ என்று பன்மையில் வந்ததே, அந்த ‘ஓம்’ யார்? குபேந்திரன். எனக்கு அண்ணி மாதிரி அவருக்குத் தம்பி. அடிப் பாவி மீனா, ஊரில் இருக்கிற எல்லாருடைய தனிமையையும் யோசித்தாய், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடக்கும் என்று யோசிக்கவில்லையே! இந்நேரம் குபேந்திரன் என் வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருப்பார், தனி வீடாம்மா என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார், அவர் அம்மா கரண்டியோடு வருவார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன வாய்க்கு இது தேவைதான் என்பார். திரும்ப எடுக்க வழியில்லை. தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி டிக், டிக். இயர்போனில் ஒரு மணியோசை. தவசிலிங்கம் உங்களுக்கு ஓர் இதயம் அனுப்பினார், என்றார் ஏட்டையா.

இதயமா? எனக்கு முகம் சூடாகிவிட்டது, இத்தனை மரியாதைக்காரர் திடீரென்று இதயத்தை ஏன் அனுப்புகிறார், பதில் ஒரு வார்த்தை இல்லாமல்? குபேந்திரன் கேலி செய்கிறாரா? சே, எந்த மனிதராவது அண்ணியாக வரப்போகிறவளுக்கு இதயம் அனுப்புவாரா. மறுபடி மணி. தவசிலிங்கம் உங்கள் புகைப்படத்தைப் பார்வையிட்டார். பார்வையிட்டாரா! யார், தவசியா, என் புகைப்படத்தையா? சிரிப்பு பாதி வரும்போதே புரிந்துவிட்டது, நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு மேஜையோடு ஒட்டிக்கொண்டேன். அவர் தனியாக இருக்கிறார். பக்கத்தில் தம்பி இல்லை, இருந்தால் நேராக விமானத்தில் விரல் விழுந்திருக்கும். ஏதோ பதில் எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறார். முதலில் இதயம், அடுத்தது புகைப்படம், என் பக்கத்து வரிசையேதான் அங்கேயும். அப்படியானால் அடுத்தது? பெருக்கல் குறி. ஐயோ! நில்லுங்கள், நில்லுங்கள் என்று சத்தமாகவே கத்திவிட்டேன், திண்டுக்கல்லுக்குக் கேட்கும் என்பதுபோல். அவசரத்தில் பெட்டிக்குள் போகாமலே தட்டிவிட்டேன், எழுத்தெல்லாம் கட்டளையாகிப் பக்கம் முழுக்கத் தாறுமாறாக ஓடுகிறது, தலைப்பு, இணைப்பு, தலைப்பு, ஏட்டையா, என்னைக் காப்பாற்றும், மறுபடி பெட்டி, உள்ளே. ‘எதையும் அமுக்காதீங்க. அடுத்தது விருப்பமில்லை. அதைத் தாண்டி அடுத்ததுதான் அனுப்பு.’ இதயம், ஆள், பெருக்கல், விமானம், அனுப்பு, இருக்கலாம், ஐஸ்கிரீமாவது ஒன்றாவது, அமுக்கினேன். செய்தி அனுப்பப்பட்டது.

காத்திருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் இப்படி ஒரு காத்திருப்பு இருந்ததில்லை. புகைப்படம் திரை முழுக்க விரிந்திருக்கும், அதை மூடிவிட்டுத்தான் அவர் அடுத்ததற்குப் போக முடியும், அந்த நேரம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருக்குமா? அங்கே அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாரோ, அவருடைய குரலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாரோ, அது இப்போது பொத்தான் என்று சொல்ல, அவர் விரல் மேலே நிற்கிறது, இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், நடுவில் யார் கையும் இல்லை. இப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் மாடியில் தனியாக நிற்கிறோம் என்று தோன்றியது. மணி. ‘தாண்டிட்டேன்’ என்றார் ஏட்டையா. அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். மறுபடி மணி. ‘தனி வீடுதான். அன்னைக்கு மாடில கேக்க வந்ததே இதைத்தான். தம்பி பக்கத்துல நின்னான், வாய் வரலை.’ ‘தாண்டிட்டோம்’ இல்லை, ‘தாண்டிட்டேன்’, ஒருமைதான், அவரே தட்டிய எழுத்து. ‘புது வீட்டுல பால் காய்ச்சணும்ல, எனக்கு அது தெரியாது, சாம்பார் வைப்பேன்.’ பால் காய்ச்சத் தெரியாதாம், அதற்கென்ன தெரிய வேண்டும், அதுவே பொங்கும்.

வெளியே இரும்புக் கதவு கிரீச்சிட்டது. சந்தன வாசனையும் புது வளையல் சத்தமுமாக அண்ணி நேராக உள்ளே வந்தாள். “என்னத்தா, இன்னும் உக்காந்துருக்க. அண்ணன் போன் போடணும்ங்குது, என்ன சொல்லச் சொல்ற? அவருகிட்ட ஏதும் கேக்கணும்னா இப்பவே கேளு, நான் அமுக்கிவிடுறேன்.” பழைய இடத்தில், பழைய நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டாள். “கேட்டாச்சு அண்ணி” என்றேன். வளையல் நின்றது. “யாரு அமுக்குனா?” “நான்தான்.” அவளுக்கு வலித்திருக்கும், எனக்குத் தெரியும், அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். “சரியாத்தான் அமுக்குனியா? அந்தப் பழனிக்காரர் மாதிரி...” “சரியாத்தான் அண்ணி. அண்ணன்கிட்ட சரின்னு சொல்லச் சொல்லுங்க. மத்ததை அவரே அவங்க வீட்டுல பேசிக்குவாரு.” அவள் என் கன்னத்தைத் தொட்டாள், ஈரம் தெரிந்திருக்கும். பிறகு, “என்னடி, திரை கறுப்பாக் கெடக்கு, ரிப்பேரா?” என்றாள். “நான்தான் அணைச்சு வச்சேன். எனக்கு எதுக்கு அண்ணி வெளிச்சம்?” ஒரு கணம் கழித்து அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுந்து காபி போடப் போய்விட்டாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்ட சத்தம் கேட்டது. இயர்போனில் மணி. ‘நீங்க எப்படி ஒத்தையா அனுப்புனீங்க? அது என்ன பிரவுசர்? பேரைச் சொல்லுங்க. தம்பி வர்றதுக்குள்ள.’ விஸ்போ என்று தட்டினேன். இதயத்தில் ஒரு நொடி நின்றேன், பிறகு ஆளைத் தாண்டி, பெருக்கலைத் தாண்டி வந்தேன். காகித விமானம், அனுப்பு, இருக்கலாம், என்றார் ஏட்டையா. அதேதான்யா, என்று சொல்லி அமுக்கினேன்.